பேசும் பதுமையும் தமிழ் ஒலியும்

கணினியில் ஆக்கப்பெற்ற பதுமைகள் இக்காலத்துப் பேசத் தொடங்கியுள்ளன. திரைப்படத்திலும், விளையாட்டுகளிலும், பாடம் புகட்டும் கருவிகளிலும் அவை மனிதரைப் போலவே முகங்காட்டி வாய் திறக்கின்றன. மயிரும் தோலும் கண்ணின் ஈரமும் வியக்கத்தக்க நுட்பத்துடன் அமைந்திருந்தும், அப்பதுமை தமிழ் பேசத் தொடங்கிய கணமே ஏதோ பொய் நிகழ்கின்றது என்னும் உணர்ச்சி காண்பார்க்கு உண்டாகின்றது. சொல் ஒரு புறமும் வாய் ஒரு புறமுமாகப் போகின்றன. இக்குறையை நீக்கும் வழி யாது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள். இன்னும் நுண்ணிய தோலையும் இன்னும் மிகுந்த மயிரையும் சேர்ப்பதனால் இஃது நீங்காது என்பதும், தமிழ் ஒலிகள் வாயில் பிறக்கும் முறையை அறிந்தாரே இதனை நீக்க வல்லார் என்பதும் எம் கருத்து.

காது கேட்பதனைக் கண்ணும் உடன் கேட்கின்றது. இஃது அணிந்துரை அன்று. சோதனையாற் கண்ட உண்மை. 1976-ஆம் ஆண்டில் ஹாரி மக்கர்க், ஜான் மக்டொனால்டு என்னும் அறிஞர் இருவர், ‘கா’ என்பது போல வாயசைக்கும் முகத்தின் படத்தோடு ‘பா’ என்பது போன்ற ஓசையைச் சேர்த்துப் பலருக்குக் காட்டினர். கண்டோருட் பெரும்பாலார் இவ்விரண்டனுள் எதனையும் கேளாமல் ‘டா’ போன்ற மூன்றாவதோர் ஒலியைக் கேட்டனர். கண்ணை மூடினால் ‘பா’ என்றே கேட்டது. திறந்தால் மீண்டும் மாறியது. ஆகவே பதுமையின் இதழ் பிழைபட்டால் அழகு மட்டும் கெடுவதன்று, சொல்லே பிழைபடும்.

காலப் பொருத்தமும் இவ்வாறே. ஒளி விரைந்து வருவது, ஓசை பிந்தி வருவது. தொலைவில் ஆடையைக் கல்லில் அறைவானைக் கண்ட பின்னரே அறையொலி நம் செவிக்கு எட்டுகின்றது. ஆதலின் ஓசை சிறிது பிந்துவதை மனிதர் பொறுப்பர், முந்துவதைப் பொறார். அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் வெளியிட்ட பரிந்துரை, ஓசை 45 மில்லி விநாடி முந்தினாலே காண்பார் அதனை உணர்வர் என்றும், பிந்துவதாயின் 125 மில்லி விநாடி வரையில் உணரார் என்றும் வரையறுக்கின்றது. விநாடிக்கு 24 படங்கள் ஓடும் திரையில் ஒரு படத்தின் காலம் ஏறக்குறைய 42 மில்லி விநாடி. ஐயமுற்றவிடத்து இதழை ஒரு படம் முந்தவிடுக என்று பழைய கேலிச்சித்திர ஓவியர் கையாண்ட வழக்கிற்குக் காரணம் இதனால் விளங்கும்.

அவ்வோவியர்களை ஈண்டு நினைத்தல் தகும். மேசைமேல் ஒரு கண்ணாடியை நிறுத்தி, வசனத்தைத் தாமே சொல்லித் தம் வாயைப் பார்த்து வரைந்தவர் அவர். ஆங்கில ஒலிகள் நாற்பதுக்கு மேற்பட்டனவாயினும், கண்ணுக்கு வேறாகத் தோன்றும் வாய்நிலைகள் மிகச் சிலவே என்று கண்டு, பத்துப் பன்னிரண்டு வாய்களைப் பட்டியலிட்டு வைத்துக்கொண்டு அவற்றையே மாற்றி மாற்றி வரைந்தனர். இவ்வாய்நிலைக்கு ‘வைசீம்’ என்னும் பெயர் 1968-இல் கிளீட்டஸ் ஃபிஷர் என்பவரால் இடப்பட்டது. 1972-இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் பிரெடெரிக் பார்க் என்பவர் முதன்முதலாக ஒரு மனித முகத்தைக் கணினியில் அசையச் செய்தார். அன்று முதல் இன்று வரை கருவிகள் பன்மடங்கு பெருகியும், அடிப்படை மாறவில்லை: முகத்தின் பல நிலைகளை முன்னரே செதுக்கி வைத்து, வேண்டும் அளவில் அவற்றைக் கலந்து காட்டுவது. இதனைத் தொழில் செய்வார் ‘பிளெண்ட் ஷேப்’ என்பர்.

குறை எங்கே எனின், அப்பட்டியல் ஆங்கில வாய்க்கு வகுத்த பட்டியல் என்பதிலேயே. ஆங்கிலேயர் தம் ரகரத்தைச் சொல்லும்போது இதழ் சற்றுக் குவியும்; நம் ரகரத்திற்கு அது வேண்டா. அவர் ‘ஷ’, ‘ச்ச’ என்னும் ஓசைகளுக்கு இதழை முன்னே நீட்டுவர். நம் சகரத்திற்கு அந்நீட்சி இல்லை. அப்பட்டியலின்படி ‘மரம்’ என்று சொல்லும் பதுமை இடையில் ஒரு முறை முத்தமிடுவது போல் வாய் குவிக்கும். காண்பவர் காரணம் அறியார். ஆயினும், ‘இவன் நம்மவன் அல்லன்’ என்று அவர் உள்ளம் சொல்லிவிடும்.

தமிழ் வாய்க்கு வேண்டும் பட்டியலை நாம் புதிதாகத் தேட வேண்டுவதில்லை. தொல்காப்பியத்துப் பிறப்பியல் அதன் பெரும் பகுதியை வகுத்து வைத்திருக்கின்றது. உயிர்களை ஆசிரியர் மூன்று கூட்டமாகப் பிரிக்கின்றார். அகரமும் ஆகாரமும் வாயைத் திறப்பதனாற் பிறப்பன. இ, ஈ, எ, ஏ, ஐ என்பன நாவின் விளிம்பு மேல்வாய்ப் பல்லைச் சார்தலாற் பிறப்பன. உ, ஊ, ஒ, ஓ, ஔ என்பன இதழ் குவிதலாற் பிறப்பன. கண்ணாற் காணத்தக்க மூன்று உயிர்நிலைகளும் இவையே. மெய்களுள் பகர மகரங்களுக்கு இதழ் இரண்டும் பொருந்தும்; வகரத்திற்கு மேற்பல்லும் கீழிதழும் இயையும். ஏனைய மெய்களெல்லாம் வாயின் உள்ளே நாவும் அண்ணமும் நிகழ்த்துவன. புறத்தே நிற்பார்க்கு அவை பெரும்பாலும் தோன்றா. பாலை, மாலை என்னும் இரண்டும் இதழைப் பார்ப்பவனுக்கு ஒரே சொல். கலை, களை, கழை என்பவற்றுள்ளும் இதழளவில் வேறுபாடு காண்பதரிது.

இதனால் ஓவியனுக்குக் கிடைக்கும் விதி சிறியது, ஆயினும் கண்டிப்பானது. பிற ஒலிகளில் சிறிது பிழைத்தாலும் மன்னிக்கப்படும். பகர மகரங்களில் இதழ் மூடாவிட்டால் மன்னிப்பில்லை. மூடினும், மூடியிருக்கும் காலம் வேண்டும். ‘அப்பா’, ‘அம்மா’ என்னும் இரட்டித்த மெய்களில் இதழ் பொருந்தி நின்று பிரிகின்றது. ‘கோபம்’ என்பதன் பகரத்திலோ பட்டும் படாமலும் நீங்குகின்றது. ஆங்கிலச் சொற்களுள் இவ்வாறு மெய்யை நீட்டி நிறுத்தும் வழக்கம் இன்மையால், அம்மொழிக்கு ஆக்கிய பொறி இரண்டிற்கும் ஒரே கால அளவைத் தந்துவிடும். குழந்தை முதலிற் கற்கும் அவ்விரு சொற்களையே பதுமை பிழைபடச் சொல்லுதல் நகைப்பிற்கும் வருத்தத்திற்கும் இடமாகின்றது. கண்ணிமைப்பையும் கைந்நொடிப்பையும் அளவாகக் கொண்டு எழுத்துக்கு மாத்திரை வகுத்த நம் இலக்கணம், படம் படமாகக் காலத்தைக் கணக்கிடும் இத்தொழிலுக்கு எவ்வளவு அண்மையது என்பதை மாணவர் நோக்குவாராக.

குற்றியலுகரத்தை மாணவர் பலர் தேர்வின் பொருட்டு நெட்டுருச் செய்து, தேர்வு முடிந்த அன்றே மறந்துவிடுகின்றனர். அதனைத் திரையிற் காணலாம் என்றால் அவர் நம்பமாட்டார். ‘நடு’ என்று சொல்லிக் கண்ணாடியைப் பாருங்கள். ஈற்றில் இதழ் குவியும். ‘நாடு’ என்று சொல்லிப் பாருங்கள்; குவியாது, தளர்ந்து நிற்கும். முன்னதன் உகரம் முற்றியலுகரம், பின்னதன் உகரம் குற்றியலுகரம். எழுத்து ஒன்றே, வாய் வேறு. எழுத்தைப் பார்த்து வாயை அமைக்கும் பொறி ‘நாடு’, ‘வீடு’, ‘பாட்டு’ என ஒவ்வொரு சொல்லின் ஈற்றிலும் உதட்டைக் குவித்துக்கொண்டே போகும். தமிழில் இத்தகைய சொற்கள் எத்துணை என்பதை எண்ணினால், பதுமையின் வாய் ஏன் ஓயாது துடிப்பது போலத் தோன்றுகின்றது என்பது தெளிவாம்.

நிற்க. எழுதுந் தமிழும் வீட்டிற் பேசுந் தமிழும் வேறாயிருத்தல் இத்தொழிலுக்கு மற்றுமோர் இடர். செய்தி வாசிப்பவர் ‘மரம்’ என்று முடிக்கையில் இதழ் மூடுகின்றார். அவரே தம் வீட்டு வாயிலில் நின்று அண்டை வீட்டாரோடு பேசும்போது அவ்வீற்று மகரம் மூக்கொலியாய்க் கரைந்துவிடுகின்றது; இதழ் மூடுவதில்லை. பெண் என்பது ‘பொண்ணு’ ஆகின்றது. பிடி என்பது ‘புடி’ ஆகின்றது. இதழில் பிறக்கும் பகரம் தன்னை அடுத்த உயிரையும் இதழின்பால் இழுத்துக்கொள்கின்றது. இவ்வழக்கைக் கொச்சை என்று தள்ளுவார் தள்ளுக. பதுமைக்கு வாய் அமைப்பவர் தள்ளுதல் கூடாது. அரசவையில் உரையாற்றும் பதுமைக்கு ஒரு வாயும், கிணற்றடியில் பேசும் பதுமைக்கு வேறொரு வாயும் வேண்டும். எழுதிய வசனத்தை மட்டும் பொறிக்கு ஊட்டி, நடிகர் பேசிய ஓசையைப் புறக்கணிப்பதே பிழைக்கெல்லாம் வித்து.

ஒரு எழுத்துக்கு ஒரு வாய் என்று கணக்கிடுவதும் தவறே. ‘கூடு’ என்று சொல்லப் புகுவான் ககரம் பிறக்கு முன்னரே இதழைக் குவித்துவிடுகின்றான்; ‘கீரை’ என்று சொல்லப் புகுவான் அதே ககரத்திற்கு இதழை விரிக்கின்றான். வரப்போகும் உயிர் முன்னதாகவே வந்து வாயிற் காத்திருக்கின்றது. ஆங்கில எழுத்துமுறையில் இரண்டாகப் பிரித்தெழுதப்படும் இவை நம் எழுத்தில் ‘கூ’, ‘கீ’ என ஒன்றாகவே எழுதப்படுகின்றன. வாய்க்கு அலகாகக் கொள்ளத்தக்கது உயிர்மெய்யே என்பதை நம் முன்னோர் வேறு காரணம் பற்றியே ஆயினும் எழுதிக் காட்டினர் எனலாம்.

இங்கே சிலர் ஒரு தடை நிகழ்த்துவர். ‘வேற்றுமொழிப் படங்களை டப்பிங் செய்து எத்தனையோ ஆண்டுகளாகக் கண்டு வருகின்றோம், வாய் பொருந்தாமையால் எவர் மனம் புண்பட்டது?’ என்பது அவர் வினா. டப்பிங் படத்தில் முகம் உயிருள்ள மனிதர் முகம். கண்ணும் புருவமும் மூச்சும் மெய்யாக இருப்பதனால் இதழ் ஒன்றின் பொய்யைப் பார்ப்பவர் பொறுக்கின்றனர். அன்றியும், நல்ல டப்பிங் வசனகர்த்தா திரையில் இதழ் மூடும் இடம் பார்த்துப் பகர மகரச் சொற்களைத் தேர்ந்து வைப்பார். அத்தொழிலின் அருமை பலர் அறியார். பதுமைக்கோ பிணை நிற்க ஒன்றுமில்லை. நம் ஊர்ப் பொம்மலாட்டத்து மரப் பதுமைகள் பெரும்பாலும் வாய் அசைப்பதே இல்லை. ஆயினும் சந்திரமதி அழுதால் கூடியிருப்போர் அழுகின்றனர். வாயே அசைக்காத பதுமையிடம் நாம் ஒன்றும் கேட்பதில்லை. வாய் அசைத்த பதுமை கடன்பட்டுவிடுகின்றது.

இக்கடன் முழுவதும் இதழால் அடையக் கூடியதும் அன்று. 2004-இல் வெளிவந்த ‘போலார் எக்ஸ்பிரஸ்’ என்னும் படத்தில் நடிகரின் அசைவுகள் கருவியாற் பதிவு செய்யப்பட்டும், பதுமைகளின் கண்கள் செத்த கண்கள் என்று விமரிசகர் பலர் கூறினர். தமிழில் 2014-இல் வெளிவந்த ‘கோச்சடையான்’ படத்திலும் உடலசைவு பதிவான அளவுக்கு முகத்தில் உயிர்ப்பு வரவில்லை என்னும் குறை கேட்கப்பட்டது. அம்முயற்சியின் துணிவை யாம் மதிக்கின்றோம். குறையையும் மறைக்க விரும்பவில்லை. மனிதரை முழுதும் ஒவ்வாது சிறிதே ஒவ்வாத உருவம், சற்றும் ஒவ்வாத உருவத்தினும் அருவருப்பைத் தரும் என்று ஜப்பானிய அறிஞர் மசாஹிரோ மோரி 1970-லேயே எழுதினார். பிரெஞ்சு மருத்துவர் துஷேன் என்பார் அதற்கும் நூறாண்டுக்கு முன்னரே, 1862-இல், மெய்ந்நகையில் கண்ணைச் சுற்றிய தசையும் சுருங்கும் என்றும் பொய்ந்நகையில் வாய் மட்டும் விரியும் என்றும் காட்டினார். பேசுமுன் ஒருவர் மூச்சை உள்வாங்குகின்றார். அழுத்திச் சொல்லும் சொல்லுக்குப் புருவம் எழுகின்றது. இவற்றை விட்டுவிட்டு இதழை மட்டும் திருத்துவது, தாளத்தை விட்டுவிட்டுச் சுருதியை மட்டும் சேர்ப்பது போலாம். எனினும் கண்ணும் புருவமும் பெரும்பாலும் எம்மொழியார்க்கும் பொது. அவற்றை ஆராய உலகில் பலர் உளர். தமிழ் இதழை ஆராய வேண்டுவார் நாமே.

‘பொறி தானே கற்றுக்கொள்ளும் காலம் வந்துவிட்டது, இனி இலக்கணம் எதற்கு?’ என்பது மற்றொரு தடை. ஓசையை ஊட்டினால் வாயசைவைத் தானே வகுத்துத் தரும் பொறிகள் உள்ளன என்பது மெய். ஹைதராபாத்திலுள்ள ஐ.ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர் 2020-இல் வெளியிட்ட ‘வேவ் டு லிப்’ என்னும் முறை அவற்றுட் புகழ் வாய்ந்தது. ஆயின் அது பயின்ற பாடம் எது? பி.பி.சி. ஒளிபரப்புகளிலிருந்து திரட்டிய ஆங்கிலப் பேச்சு. பொறி கற்பது தனக்கு ஊட்டியதனையே. மேலும், பல வாய்களைக் கண்டு சராசரி எடுக்கும் பொறிகளுக்கு ஓர் இயற்கைக் குறை உண்டு. சராசரி இதழ் முழுதும் திறப்பதுமில்லை, முழுதும் மூடுவதுமில்லை. எவ்விடத்தில் மன்னிப்பில்லை என்று மேலே கூறினோமோ அவ்விடத்திலேயே அது தவறுகின்றது. டொராண்டோ பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ‘ஜாலி’ என்னும் முறை வேறு வழியிற் சென்றது. தாடையையும் இதழையும் தனித்தனி அளந்து, ஒரே வாக்கியத்தை முணுமுணுப்பவன் வாயையும் கூவுபவன் வாயையும் வேறுபடுத்தும் விதிகளை அது ஒலியியலினின்று எடுத்தது. 2020-இல் வெளிவந்த ‘சைபர்பங்க் 2077’ என்னும் விளையாட்டில் பத்து மொழிகளுக்கு அது பயன்பட்டது. அப்பத்தனுள் தமிழ் இல்லை. எவரும் நம்மை வெறுத்து விலக்கினாரல்லர்; விதிகளை எழுதிக் கொடுக்க நம்மவர் செல்லவில்லை, அவ்வளவே.

படமும் விளையாட்டும் தானே, சிறிது பிழைத்தால் என்ன என்பார்க்கு யாம் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. காது கேளாத குழந்தைகட்கு இதழே செவி. கலிபோர்னியாவில் சாந்தா குரூஸ் பல்கலைக்கழகத்து டொமினிக் மஸ்ஸாரோ என்பவர் ‘பால்டி’ என்னும் கணினி முகத்தை உருவாக்கினார். 1990-களின் இறுதியில் ஆரிகன் மாகாணத்துப் போர்ட்லண்டு நகரில் காது கேளாதார் பள்ளி ஒன்றில் அது பிள்ளைகளுக்குச் சொல் கற்பித்தது. அம்முகத்திற்குக் களைப்பில்லை, ஒரே சொல்லை நூறு முறை கேட்டாலும் முகஞ்சுளிப்பதில்லை. அதனினும் சிறந்தது ஒன்று: அதன் கன்னத்தைக் கண்ணாடி போல் ஆக்கி உள்ளே நாக்கு அசைவதைக் காட்டலாம். உயிருள்ள ஆசிரியர் எவராலும் இயலாத செயல் இது.

லகர ளகர ழகரங்களை இதழிற் காண முடியாது என்றோம். தமிழ்க் குழந்தைக்கு, காது கேட்பினும் கேளாவிடினும், நா எங்கே வளைகின்றது என்று காட்டும் ஒரு முகம் இருந்தால் எவ்வளவு நன்மை! ழகரத்தை இழந்து ‘வாளப்பளம்’ என்போர் நாட்டில் எத்துணையர்! கடல் கடந்த நாடுகளிற் பிறந்து தமிழை வீட்டிற் கேட்க வாய்ப்புக் குறைந்த பிள்ளைகளும் உளர். ஆனால் இன்று கைத்தொலைபேசியின் காமிரா கொண்டு முகத்தை அளக்கும் கருவியொன்று, ஆப்பிள் கம்பெனியார் ஆக்கியது, முகத்தில் 52 அளவுகளைக் கணக்கிடுகின்றது. அவற்றுள் நாவுக்கு உரியது ஒன்றே ஒன்று: நாவை வெளியே நீட்டுதல். ழகரம் சொல்ல அஃது உதவாது என்பது வெள்ளிடைமலை. நாவின் அசைவை அளந்து தருவார் இல்லாதவரையில், பிறப்பியல் கற்றவர் வகுத்துத் தந்தாலன்றி அம்முகத்தினுள் நாக்கு எவ்வாறு அமையும்?

இவ்வேலைக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. நம் போன்ற கல்லூரி ஒன்றில் தமிழ்த் துறையாரும் கணினித் துறையாரும் ஒரு மேசையிற் கூடி அமர்ந்தால் ஒரு கோடை விடுமுறைக்குள் தொடங்கிவிடலாம். மாணவர் கையிலுள்ள தொலைபேசிகளே விநாடிக்கு 120 படங்கள் எடுக்கவல்லன. நேர் எதிரே ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக இரண்டை நிறுத்தி, பல மாவட்டத்து ஆடவரையும் பெண்டிரையும் ஒரே பட்டியலைச் சொல்லச் செய்து பதிவு செய்க. ஒவ்வொருவரும் ஒரு முறை படிப்பது போலவும், ஒரு முறை வீட்டிற் பேசுவது போலவும் சொல்ல வேண்டும். முகம் பிறர் கையிற் சிக்கினால் ஒருவர் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டும் கயமை பெருகியுள்ள நாள் இது. ஆதலின் அவரவர் எழுத்து மூலமான இசைவைப் பெறுதலும், படங்களைக் கல்லூரிக்கு வெளியே விடாமற் காத்தலும், இதழின் அளவுகளை மட்டும் வெளியிடுதலும் இன்றியமையாதன. அளவுகள் எவர்க்கும் விலையின்றிக் கிடைக்கட்டும்.

பட்டியலின் தொடக்கத்தை யாமே தருகின்றோம், மேற்கொண்டு சேர்ப்பார் சேர்க்க: நடு, நாடு, பசு, பாசு என்பதனோடு ஒத்த காசு, அப்பா, கோபம், அம்மா, ஆமை, மரம், மரத்தை, கூடு, கீரை, வலை, பலை என்று மயங்காத வலை, கலை, களை, கழை.